கஞ்சி போட்ட கிடார்

காஞ்சிபுரம்,
8-8-1973.

சிரஞ்சீவி தம்பி இளங்கோவனுக்கு அக்கா லோகாம்பாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. ஆசீர்வாதத்தை முதல் வரியிலேயே முடித்துவிடுகிறேன். போகப் போக அதற்கு மனசு வருமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இவ்விடம் யாரும் நலமில்லை. அவ்விடம் நலமா என்று கேட்பதும் வழக்கம். ரேணுகாவும் குழந்தையும் நன்றாக இருக்கட்டும். உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். வைகாசியில் கருட சேவைக்கு வந்தவன், சாமியைப் பார்த்தோமா, சாப்பிட்டோமா, பஸ் ஏறினோமா என்று போகாமல், உன் பழைய கிடாரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் பெரம்பூர் போய்ச் சேர்ந்தாயே, அதை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. ஞாயிறு தாண்டினால் திங்கட்கிழமை காலையில் அது வெந்நீர் அடுப்புக்குள் போகும். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்காதே. நல்ல மரம், நன்றாகக் காய்ந்த மரம், இரண்டு அண்டா தண்ணீர் தாராளமாகக் காயும்.

அம்சாவுக்கு ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். இன்னும் முப்பத்தைந்து நாள்கூட முழுசாக இல்லை. உன் மாமா இத்தனை வருஷமாக யார் யார் வீட்டுப் பெண்ணுக்கோ முகூர்த்தச் சேலை நெய்தவர். தன் பெண்ணுக்குத் தன் தறியில் தன் கையால்தான் நெய்வேன், பாவை நீதான் பிணைக்க வேண்டும் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே என்னிடம் சொன்னவர். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. பாவு தயாராகித் தறிக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். பட்டணம் போனதில் உனக்கு எல்லாம் மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். பாவு என்றால் சேலையின் நீளவாக்கில் ஓடுகிற இழை. தறியில் முடிந்துபோன பழைய பாவின் இழை நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும், விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முடிச்சில்லாமல் முறுக்கி ஒட்ட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. அதுதான் உன் அக்கா இருபத்தைந்து வருஷமாகச் செய்கிற வேலை. நான் பிணைத்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாள் வேலை ஒன்பது நாளாக நடக்கவில்லை. பாவு பிணைக்காமல் தறி ஓடாது, தறி ஓடாமல் சேலை வராது, சேலை வராமல் என் பெண் மணையில் கடைச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள், அதற்குக் காரணம் நீ, உன் கிடார்.

எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார். கருட சேவைக்கு மறுநாள் சாயந்திரம் கூடத்தில் உட்கார்ந்து நீ வாசித்தாய். உன் மாமா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "மாமா, உங்களுது தறி விரல். தறி விரலுக்குச் சீக்கிரம் வரும்" என்றாய். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கும் மறுநாளும் இரண்டு சாயந்திரம் அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தந்திமேல் வைத்துக் காட்டினாய். அந்த இரண்டு சாயந்திரமும் என்னைப் பார்த்து நீ பேசினது ஒரே ஒரு வாக்கியம். "அக்கா, காபி." அதை மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் நான் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன், நீ தலை நிமிராமலே டம்ளரை எடுத்துக்கொண்டாய். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சும்மா சொல்கிறேன். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

நீ போனதும் ஆரம்பித்தது. காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து, பல்கூடத் துலக்காமல், தறிப் பலகைமேல் உட்கார்ந்துகொண்டு ஒரே தந்தியில் அடுத்தடுத்த நாலு கட்டம். நீ சொல்லிக்கொடுத்த பாடமாம். வலது கையால் ஒரு தடவைதான் மீட்ட வேண்டுமாம், மிச்ச மூன்று சுரமும் இடது கை விரல் விழுகிற விழுகையிலேயே வர வேண்டுமாம், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே இடைவெளி கூடாதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வந்தது என்ன? டொய்ங். அப்புறம் டொக். அப்புறம் டொக். நாலாவது, சுண்டுவிரல், அது விழுந்ததா இல்லையா என்று அந்த விரலுக்கே தெரியாது. உடனே மறுபடியும் டொய்ங், டொக், டொக். நாலாம் நாள் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா லோகா, விடிஞ்சதுலேர்ந்து உங்க வூட்ல யாரு ஆணி அடிச்சிக்கினு இருக்காங்க? கல்யாணத்துக்குப் பந்தலா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? அவர் விரலைத் தூக்குகிற உயரம் அப்படி. மரம் பிளக்கிறவன் கோடரியைத் தூக்குவதுபோலத் தூக்கி ஓங்கி அடிக்கிறார். பக்கத்திலேயே இருந்து விழுந்தால் போதும், வேகம்தான் வேண்டும், பலம் வேண்டாம் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் நீ ஒரு கடிதம் போட்டாய். எல்லாக் கடிதமும் "அன்புள்ள மாமாவுக்கு"தான். கடைசி வரியில் அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். என்னை என்ன கேட்டாய் என்று ஒரு கடிதத்திலாவது இருக்கிறதா? போகட்டும். "ஒரு சுரம் சாவதற்குள் அடுத்த சுரம் பிறக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்கு இப்படியா எழுதுவார்கள்? அதோடு நிறுத்தினாயா, "தந்தியில் விரல் உராய்கிற சத்தம் கேட்கக் கூடாது, வழுக்கிக்கொண்டு போக வேண்டும்" என்றும் எழுதிவிட்டாய். அதைப் படித்துவிட்டு உன் மாமா தந்தியைத் தடவிப் பார்த்தார். மேலே இருக்கிற மூன்று தந்தியும் சுற்றுக் கம்பி, சொரசொரவென்று இருக்கும். "லோகா, கோளாறு விரல்ல இல்ல. இழை சொரசொரப்பா இருக்குது. அதான் ஒட்டி வர மாட்டேங்குது. ஒரு கை கஞ்சி போட்டா சரியாப் பூடும்" என்றார்.

"பாவுக்குத்தாங்க கஞ்சி போடுவாங்க, பாட்டுக்கா போடுவாங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. உலகத்தில் எந்த இழை சொரசொரப்பாக இருந்தாலும் அதற்குக் கஞ்சிதான் மருந்து என்று நம்புகிற மனிதரை என்ன செய்வது? வடித்த கஞ்சியில் சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பாவுக்குத் தடவுகிற மாதிரியே மேலிருந்து கீழாக, இழை இழையாக, ஆறு தந்திக்கும் போட்டார். போட்டுவிட்டு, பாவு காய்கிற மாதிரியே முற்றத்து வெயிலில் கிடாரை மல்லாத்திக் காயவைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டினால் சத்தமே இல்லை. நனைந்த துணியைத் தட்டுகிற மாதிரி தொப் தொப்பென்றது. "பதம் இன்னும் வரலை" என்று இரண்டாம் கஞ்சி போட்டார். மறுநாள் காலையில் கிடாரின் கழுத்து முழுக்க எறும்பு, அது ஒரு வரிசை. பிற்பகலில் சம்பூர்ணத்தின் பூனை வந்து தந்தியை நக்க ஆரம்பித்தது. பூனை நக்க நக்க டிங் டிங் என்று சத்தம் வந்தது, அன்றைக்கு இந்த வீட்டில் கேட்ட ஒரே சங்கீதம் அதுதான். ஒரு வாரத்தில் தந்தி துருப்பிடித்துவிட்டது. அவர் உனக்கு எழுதி, நீ பஸ் கண்டக்டர் கையில் புதுத் தந்தி கொடுத்தனுப்பினாய். அதற்கும் மெல்லிசாக ஒரு கஞ்சி போட்டார். உனக்கு அதை அவர் எழுதியிருக்க மாட்டார், நான் எழுதுகிறேன்.

கிடாரோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். தறிக்கும் வந்தது. நெய்யும்போதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்போது தறியில் இருந்தது மேஸ்திரி பரமசிவம் கொடுத்த சேலை, கரையில் அன்னப்பட்சி வரிசை. பட்சிக்குக் கழுத்து நெய்கிற இடம் வந்ததும் இவர் கணக்குத் தப்பி, மிதித்த மிதியையே திரும்பத் திரும்ப மிதித்துவிட்டார் போலிருக்கிறது. மேஸ்திரி வந்து சேலையை விரித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அர்ஜுனா, இது என்னாபா? அன்னமா, கொக்கா? இது கால்கிட்ட ஒரு மீனையும் போட்டிருந்தா கதை முழுசா இருந்திருக்கும்" என்றார். வாசலில் நின்றுகொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். தறியில் உட்கார்ந்த இருபத்து மூன்று வருஷத்தில் உன் மாமாவின் சேலையைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. மேஸ்திரிமேல் இல்லை, உன்மேல்.

அடுத்தது விரல். தந்தியை அழுத்தி அழுத்தி அவர் இடது கை விரல் நுனி காய்த்துவிட்டது. உனக்கு அது பெருமை, கிடார்க்காரனுக்குக் காய்ப்பு ஏறினால்தான் வித்தை ஏறும் என்று கூடத்தில் உட்கார்ந்து சொன்னாய், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பட்டுக்கு? அந்த விரலால் இழையைத் தொட்டாலே பற்றிக்கொண்டு பிசிறு கிளம்புகிறது. ஆகவே மனிதர் முற்றத்தில் உட்கார்ந்து விரல் நுனியைச் செங்கல்லில் தேய்ப்பார். வெண்ணெய் தடவுவார். வழவழப்பானதும் போய்க் கிடாரை எடுப்பார், இரண்டு நாளில் மறுபடியும் காய்ப்பு ஏறும், மறுபடியும் செங்கல். இதற்கு நடுவே அம்சாவைக் கூப்பிட்டு, "வரவேற்புல அப்பா ஒரு பாட்டு வாசிக்கப் போறேன்மா" என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார். அவள் என்னிடம் ஓடி வந்து, "அம்மா, அவங்க எல்லாரும் வாலாஜாபாத்லேர்ந்து வந்துக்கினு இருப்பாங்கம்மா, அப்பா அந்த டொக் டொக்கை வாசிச்சா நான் எங்கமா போய் முட்டிக்கிறது?" என்று அழுதாள்.

வாலாஜாபாத் என்றதும் நினைவு வருகிறது. போன மாதம் சம்பந்தி வீட்டார் பத்திரிகை விஷயமாக வந்தார்கள். சம்பந்தி வீரபாகு, அரிசி மில்லில் பெரிய கணக்கர், சிரிக்கவே மாட்டார். கூட சம்பந்தியம்மாள் கங்கையம்மாள். உன் மாமா அவர்களோடு வாசல் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அம்சா சம்பூர்ணத்தின் வீட்டுக்குப் பூ வாங்கப் போயிருந்தாள். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே கிடார் சத்தம். நாலு சுரம். ஒரே மீட்டு, நாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றின மாதிரி மேலே போய், அதே வேகத்தில் கீழே இறங்கி வந்தது. வாசலில் பேச்சு நின்றுவிட்டது. "உள்ள யாருமா வாசிக்கிறது? நல்லா இருக்குதே!" என்று கங்கையம்மாள் குரல் கொடுத்தார்கள். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பூனைங்க" என்றேன்.

"பூனையா?" என்றார் வீரபாகு.

"ஆமாங்க. தந்தியில கஞ்சி இருக்குது. நக்க வருது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க மில்லுலகூட ரெண்டு பூனை இருக்குது. எலி புடிக்கும். அவ்ளோதான்" என்றார். அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, காபி வர அரை மணி நேரமானது. அது வேறு விஷயம்.

உன் மாமா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் பஸ் ஏறின பிறகு கிடாருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "ரெண்டு மாசமா நானும் அடிச்சிக்கினு இருக்கிறேன் லோகா. எனக்கு மூணாவது சுரம் தாண்டலை. ஒரு பூனைக்கு ஏறி எறங்கி வருது" என்றார். அதோடு வாசிப்பதை விட்டுவிட்டார். தினமும் பிற்பகலில் பூனைக்கு ஒரு டம்ளர் பால் வைத்து, கிடாரை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, எப்படி வாசிக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக எதிரே உட்கார்ந்திருக்கிறார். அது பாலைக் குடித்துவிட்டுத் தூங்குகிறது. "நான் பார்த்தா வெட்கப்படுது" என்கிறார். வீட்டின் ஆண்பிள்ளை பூனைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், தறி கிடக்கிறது, பாவு கிடக்கிறது, நாள் போகிறது. நீயே சொல், நான் கோபப்படாமல் யார் கோபப்படுவது?

பாவை நீயே பிணைத்திருக்கலாமே அக்கா, அதற்கும் கிடாருக்கும் என்ன என்று நீ கேட்பாய். கேட்காதே. இந்த வீட்டில் இருக்கிற இருப்பில் நாலாயிரம் இழைக்கு யாருக்கு மனசு நிலைக்கும்? உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். அதற்குமேல் உனக்கு விளக்கம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, எடுத்துக்கொண்டு போ. வருகிறபோது வாய்க்கு ருசியாக ஒன்றும் வாங்கி வராதே, அதற்கெல்லாம் மயங்குகிற நிலையில் நான் இல்லை.

குழந்தைக்கு என் முத்தம். ரேணுகாவுக்குத் தீர்க்க சுமங்கலியாக இருக்கச் சொல்லி ஆசீர்வாதம், ஆனால் அதில் உனக்கும் லாபம் இருப்பதை நினைத்தால் எழுதக் கை கூசுகிறது. காமாட்சி உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் மிகுந்த கோபத்துடன்,
அக்கா லோகாம்பாள்.

பி.கு.: இன்று ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாம் தேதி. மேலே எழுதினதைப் புதன்கிழமையே தபாலில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நாலு நாளாகச் சாம்பல் டப்பாவுக்கு அடியில் இருந்தது, அதனால்தான் தாளில் கறை. கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் அதில் உன்னைத் திட்டியிருப்பது எல்லாம் நிஜம், வீணாக்க மனசில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொய் சொல்லியிருக்கிறேன்.

அது பூனை இல்லை.

அவர் கஞ்சி போட்டுப் பாழாக்கின கிடாரைத் துடைத்தது யார் என்று நினைக்கிறாய்? அவர் மேஸ்திரி வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், ஈரத் துணியை வைத்துத் தந்தி தந்தியாக நான்தான் துடைத்தேன். துடைக்கும்போது ஒரு விரல் தவறித் தந்திமேல் விழுந்தது. மீட்டாமலே சுரம் வந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அடுத்த விரலை வைத்தேன், அடுத்த சுரம் வந்தது. உன் மாமா இரண்டு மாதம் முட்டிக்கொண்டது எதில் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் முதல் விரலை எடுத்துவிட்டு அடுத்த விரலை வைக்கப் போகிறார். நடுவில் கை வெறுமையாக நிற்கிறது, சத்தம் அங்கேதான் அறுகிறது. பழைய இழையை விட்டுவிட்டுப் புது இழையைத் தேடினால் எந்தப் பாவைப் பிணைக்க முடியும்? புதுசு பிடித்த பிறகுதான் பழசை விட வேண்டும். இறங்கும்போதும் அப்படித்தான், கீழ்விரல் முதலிலேயே போய்க் காத்திருக்க வேண்டும், மேல்விரல் தந்தியை லேசாகப் பக்கவாட்டில் இழுத்துவிட்டு விலக வேண்டும். இதை நீ அவருக்கு இரண்டு சாயந்திரம் சொல்லிக்கொடுத்தாய். என்னிடம் ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். தறி விரல் அவருடையது மட்டும்தானா? நம் ஊர் தாமலில் அப்பா உனக்குப் புல்புல்தாரா வாத்தியம் வாங்கிக்கொடுத்து, என்னைப் பத்து வயதில் பாவு பிணைக்க அனுப்பினாரே, நீ பள்ளிக்கூடம் போன நேரத்தில் அதை எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? நீ கேட்டதில்லை. என் கோபம் அதுதான். மூன்று காபி இல்லை.

அதற்குப் பிறகு அவர் இல்லாத நேரமெல்லாம் நான்தான். சம்பந்தி வந்த அன்று பால் காய்கிற நேரத்தில் ஒரே ஒரு தடவை என்று எடுத்தேன், மாட்டிக்கொண்டேன், பழியைப் பூனைமேல் போட்டேன். விளைவு என்ன? என் இடது கை விரல் நுனி நாலும் காய்த்துவிட்டது. ஒன்பது நாளாகப் பாவு பிணைக்காததற்கு அதுதான் காரணம். உட்கார்ந்து இழையைத் தொட்டால் பற்றிக்கொள்கிறது, பிசிறு எழும்புகிறது. செங்கல்லில் நானும் தேய்த்துப் பார்த்தேன். என் பெண்ணின் முகூர்த்தப் பாவு என் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசியில் வியாழக்கிழமை மணியம்மாளைக் கூப்பிட்டேன். உனக்கு அவளைத் தெரியும், பக்கத்துத் தெருவில் என்னைப் போலவே பாவு பிணைக்கிறவள், இருபது வருஷமாக அவள் பிணைப்பை நானும் என் பிணைப்பை அவளும் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம். வந்தவள் பாவைப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னா லோகா இது? வலது கை பூவாட்டம் இருக்குது, இடது கை மட்டும் காய்ச்சுப் போய்க் கெடக்குது. கல்லு ஒடைக்கப் போறியா?" என்றாள். அவள் சுவரில் சாய்ந்திருந்த கிடாரைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். மறுபடியும் கிடாரைப் பார்த்தாள். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். "வாசி பார்க்கலாம்" என்றாள்.

வாசித்தேன். நாலு மேலே, நாலு கீழே, அப்புறம் எனக்குத் தெரிந்த வரைக்கும் ஆறு தந்தியிலும். மணியம்மாள் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு பாவை இழை இழையாகத் தடவிப் பார்ப்பதுபோலக் கேட்டாள். முடிந்ததும், "பிணைச்ச எடம் தெரியலையே லோகா" என்றாள்.

இளங்கோ, இருபத்தைந்து வருஷமாக நான் பிணைத்த இழைகளை யாரும் பார்த்ததில்லை, பார்க்கும்படி இருந்தால் அது தப்பான பிணைப்பு. என் வேலையைப் பற்றி மணியம்மாள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் பட்டில் இல்லை. உன் மாமா பத்திரிகை கொடுக்க வெளியூர் போயிருந்தார். அவள் தறியண்டை உட்கார்ந்து பிணைத்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன், வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலாயிரத்துச் சொச்சமும் முடிந்தது. இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவள் பிணைப்பு சுத்தமாக இருக்கிறது, இதை அவளிடம் சொல்லிவிடாதே. நேற்றுக் காலையிலிருந்து தறி ஓடுகிறது.

உன் மாமா திரும்பி வந்ததும் அவரிடமும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "அப்போ அது பூனை இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். "அப்பாடா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினவர்தான், ஒரு முழம் நெய்துவிட்டார். பெண்டாட்டிக்கு வந்தால் பரவாயில்லையாம், பூனைக்கு வந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லையாம். வரவேற்பில் யார் வாசிப்பது என்று அம்சா முடிவு செய்துவிட்டாள், கங்கையம்மாளுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை, அவர்கள் பூனையைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

ஆகையால் நீ கிடாரை எடுத்துக்கொண்டு போக வர வேண்டாம். அதற்குப் பதிலாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. புதுத் தந்தி ஆறு கொண்டு வா, கஞ்சி போடமாட்டோம். நாலு விரலையும் வைத்து அடுத்த தந்திக்குப் போகும்போது எனக்கு ஓர் இடத்தில் அறுகிறது, அதை நீ எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் விரலைப் பிடித்து, நிதானமாக, இரண்டு சாயந்திரம். கோபம் அப்படியேதான் இருக்கிறது, குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே.

காபி உன் மாமா போடுவார்.